வெளியேறச் சம்மதம்: இல்லை

ஒன்பதாம் எண் வீட்டு முகப்பில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

நான்கு வெள்ளைத் துண்டுகள், ஒரு சாம்பல் நிறச் சட்டை. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, கல் தரையில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன. துவைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் தோள்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள். ஒன்பது என்று அட்டை கட்டிய சாவி அதிலேயே இருந்தது. கதவில் தொங்கிய பூட்டும் போன மாதம் அவளே வாங்கிப் போட்டதுதான். அந்த வீட்டில் ஆள் குடியிருந்து பதினாறு வருடமாகிறது. கூரையில் பாதி உள்ளே விழுந்து கிடக்கிறது. முகப்பு வளைவில் கொடி கட்ட ஆணி எதுவும் கிடையாது என்றும் அவளுக்குத் தெரியும்; அந்த வளைவை அங்குலம் அங்குலமாக அளந்து படம் வரைந்தவள் அவள்தான். இப்போது இரண்டு ஆணிகள் இருந்தன, துருவேறி, பல வருடமாக அங்கேயே இருப்பவைபோல.

எதிரே மளிகைக் கடை. கடைக்காரர் படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இந்த ஊருக்கு வந்த ஆறு வாரத்தில் அவர் அவளிடம் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். அன்று தானாகவே வாயைத் திறந்தார்.

"எங்கள ஒரு வார்த்த கேக்காம ஆள் குடி வச்சிட்டீங்க."

"யாரையும் வைக்கலீங்க. இது பூட்டிக் கெடக்கற வீடு."

"அப்ப துணி தானா தொவைச்சுக்கிச்சா?"

"உங்கள்ல யாராவது காயப் போட்டிருப்பீங்க."

"இந்தப் பாழுங் கூரைக்குக் கீழயா? எங்க பிள்ளைங்களக்கூட நாங்க இந்தப் பக்கம் விடறதில்ல." அவர் கல் தரையில் துப்பினார். "நீங்க வந்து கதவுல நம்பர் எழுதினதுலேர்ந்தே இந்த எடம் சரியில்ல. அளந்தமா, படம் வரைஞ்சமான்னு போய்ச் சேருங்க."

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரின் நடுவே கல் பாவிய சதுக்கம், அதைச் சுற்றி ஒட்டி ஒட்டி நாற்பது வீடுகள், ஒரு மூலையில் தூண்கள் மட்டும் மிஞ்சிய பழைய சந்தை மண்டபம். முந்நூறு வருடப் பழசு. அதைப் பழுது பார்த்து, காப்பாற்றி, மறுபடி உயிர்ப்பிக்கத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி நகரத்து அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. ஆனால் அங்கே மீதமிருந்த ஒன்பது குடும்பங்களுக்கும் காப்பாற்றப்படுவதில் துளி விருப்பமும் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒழுகாத புது வீடு கிடைக்கும். நடுவில் வந்து மூக்கை நுழைத்தவள் இவள். குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடக் குழாயைக் கை காட்டுவார்கள்.

அவளுக்கோ அந்த இடத்தின் மேல் பைத்தியம். ஒவ்வொரு கதவின் நிலைச்சட்டத்தையும் கையால் தடவிப் பார்த்திருக்கிறாள். மண்டபத்தில் ஒரு நூலகம், வளைவுகளுக்குக் கீழே சிறு கடைகள், மேல்மாடிகளில் வாடகைக்குக் குடும்பங்கள் என்று எல்லாவற்றையும் படமாக வரைந்து முடித்திருந்தாள். குறுக்கே நின்றது ஒரு விதி. நாற்பதில் பாதியாவது குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கைவிடப்பட்ட இடம் என்று கணக்காகி இடிக்கும் எந்திரம் வந்துவிடும். ஒன்பது எங்கே, இருபது எங்கே?

ஆகவே போன வெள்ளிக்கிழமை அவள் பொய் எழுதினாள். பதினோரு காலி வீடுகளுக்குப் பதினோரு குடியிருப்புப் படிவம். ஒரு மேசை, ஒரு பேனா, மூன்று மணி நேரம். அன்றே கூரியரில் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அரசுப் படிவத்துக்கு மனசாட்சி கிடையாது, கட்டங்கள் மட்டுமே உண்டு. கட்டம் நிரம்பியிருந்தால் அதற்குப் போதும்.

அந்தப் பதினொன்றில் ஒன்பதாம் எண் வீடும் ஒன்று. அதில் அவள் எழுதியது: தனி ஆள், ஆண், வயது எழுபத்தொன்று, தொழில் சலவை.

கிண்டல் செய்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். படிவத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள், துணியைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. துணியைத் தொட்டுப் பார்க்க மட்டும் கை வரவில்லை.

சதுக்கத்தின் வடக்கு மூலையில் பழைய தபால் நிலையத்தின் மாடி அறைதான் அவளுடைய வீடு, அலுவலகம் எல்லாம். பொழுது சாயும் நேரத்தில் அந்த அறைக்குச் சுவர்களின் வாசனை ஏறிவரும், ஊறிய சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை. கீழே எங்கோ ஓடு சரியும், கதவுகள் வெயில் இறங்கியதும் முறுக்கவிழ்ந்து ஒவ்வொன்றாக முனகும், குழாய் சொட்டும், பிறகு எல்லாம் அடங்கி, கல் தரை மட்டும் பகல் வெளிச்சத்தை இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் அவளுக்குப் பிடித்த நேரம். அன்றும் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்குகள் ஏற்றப்பட்டன. வழக்கம்போல ஒன்பது.

பிறகு பத்தாவது ஒன்று.

மஞ்சளாக, மங்கலாக, மின் இணைப்பே இல்லாத வீட்டில். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மண்டபத்துக்கு அந்தப் புறம் இரண்டு. அவள் விரலை நீட்டி எண்ணினாள், நம்பாமல் மறுபடி எண்ணினாள், பிறகு வரைபடத்தை எடுத்து வைத்து எண் எண்ணாகச் சரிபார்த்தாள். இருபது விளக்குகள். கூடுதலான பதினொன்றும் அவள் பொய் எழுதிய அதே வீடுகள். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

அலைபேசி அடித்தது. கணவன். நகரத்தில் அவர்களுடைய வீட்டிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவான்.

"பாப்பா இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல."

"காய்ச்சலா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஷூ எல்லாம் போட்டா. வாசப்படிகிட்ட வந்து நின்னுட்டா. தாண்டமாட்டேங்கறா. தூக்கப் போனா அப்படியே வெறைச்சுக்கறா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். வெளியேற எனக்குச் சம்மதம் இல்லைங்கறா. ஆறு வயசுப் பிள்ளை பேசற பேச்சா இது? டிவில எதையோ பாத்திருக்கா."

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு வாயிலேயே காய்ந்துபோனது.

படிவத்தில் கடைசிக் கட்டம் அது. வெளியேறச் சம்மதமா? பதினொன்றிலும் அவள் ஒரே பதிலை எழுதியிருந்தாள்: இல்லை. அதற்கு முந்தைய கட்டம், எத்தனை காலமாக? பரம்பரையாக. அதற்கும் முந்தையது, அங்க அடையாளம். பொய் மனிதர்களுக்கு மச்சத்துக்கும் தழும்புக்கும் எங்கே போவது? அதைப் பத்துப் படிவங்களில் வெறுமனே விட்டுவிட்டாள்.

பதினோராவதில் விடவில்லை. இருபத்து மூன்றாம் எண் வீடு. அதற்குள் கை வலித்துவிட்டது, மண்டை காய்ந்துவிட்டது, இன்னொரு குடும்பத்தைக் கற்பனை செய்யத் தெம்பில்லை. பேனா தானாக ஓடியது. கணவனுடைய பெயர், வயது முப்பத்தெட்டு, கழுத்தின் வலப்பக்கம் மச்சம். மகளுடைய பெயர், வயது ஆறு, தாடையில் தழும்பு. ஊஞ்சலிலிருந்து விழுந்து நான்கு தையல் போட்ட தழும்பு. மற்றப் பத்துக்கும் ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டவள், இதற்கு மட்டும் எடுக்கவில்லை. சொந்தக் குடும்பத்தின் பேரில் எழுதிய பொய்யைப் பெட்டியில் வைத்திருக்கக் கூசியது.

அன்றைக்கு அவள் விளக்கை அணைக்காமலே படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதாம் எண் வீட்டு வளைவுக்குள் ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்று துணியை உதறிக்கொண்டிருந்தான். கதவு பூட்டியபடியே இருந்தது. அவன் ஒரு துண்டை உதறுவான், கொடியில் போடுவான், வலது காலை இழுத்துக்கொண்டு அடுத்ததை எடுக்கக் குனிவான். கல்லில் அந்தக் கால் தேயும் சத்தம் சதுக்கம் முழுக்கக் கேட்டது. வலது கால் ஊனம் என்று குறிப்புக் கட்டத்தில் எழுதியதும் அவள்தான். ஆய்வுக்கு வருபவர்கள் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் கொஞ்சம் இளகுவார்கள் என்று சேர்த்த வரி.

"ஐயா," என்று கூப்பிட்டாள். குரல் கீச்சென்று வந்தது. "ஐயா, நீங்க யாரு? உள்ள எப்படி வந்தீங்க?"

அவன் திரும்பினான்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இருந்தது. அவ்வளவுதான். பிசைந்து வைத்த மாவை ஈரக் கையால் ஒருமுறை தடவி விட்டதுபோல வழவழப்பாக, பக்கத்துக்கு ஒரு காதோடு. கண் இல்லை. ஆனாலும் அவன் அவளைப் பார்த்தான். பார்த்தது அவளுக்குத் தெரிந்தது, தோலுக்கு அடியில் ஏதோ அவள் பக்கமாகத் திரண்டது. காலை இழுத்துக்கொண்டு வேகமாக அவளை நோக்கி வந்தான். வளைவின் விளிம்பில் வந்ததும் கயிற்றால் பிடித்து இழுத்ததுபோல் நின்றான். கட்டை விரல்கள் விளிம்புக்கு வெளியே அரை அங்குலம்கூட நீளவில்லை. கைகள் மட்டும் காற்றைப் பிடித்துப் பிசைந்தன.

அவள் ஓடினாள். கடை வாசலில் கடைக்காரர் பாதி இறக்கிய கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரும் பார்த்திருந்தார். அவர் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

"நீங்க கூட்டியாந்தத நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றார். "எங்க பக்கம் வராதீங்க." கதவை முழுக்க இறக்கிவிட்டார்.

மாடிக்குப் போய்த் தாழ் போட்டாள். ஒன்பதாம் எண் வீட்டுப் படிவத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தாள். எண் போட்ட படிவத்தைக் கிழிக்கக் கூடாது என்பது அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். தப்பாகிவிட்டால் சிவப்புப் பேனாவால் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தாள் ரத்தாகிவிடும். பன்னிரண்டு வருடப் பழக்கம். யோசிக்காமல் ஸ்கேலை வைத்துக் கோட்டை இழுத்தாள், கையெழுத்தும் போட்டாள். கீழே சதுக்கத்தில் கால் தேயும் சத்தம் நின்றது.

அப்பாடா என்று இருந்தது. நீண்ட மூச்சு விட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழக்கூடச் செய்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் மறுபடி கேட்டது.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கொடியில் துண்டுகள், எல்லாம் மூலைக்கு மூலை வெட்டுப்பட்டு, பாதி பாதியாக. அவற்றுக்கு நடுவே அவன். இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை ஒரு கோடு. மெல்லிய, நேரான, சிவந்த கோடு. மேல்பாதி கீழ்பாதியின் மேல் சரியாக உட்காரவில்லை. கொஞ்சம் நழுவியிருந்தது. அவன் குனிந்தபோது மேல்பாதி சற்றுத் தாமதமாகக் குனிந்தது. ரத்து ஆனவன் போகவில்லை. போகத்தான் அவனுக்குச் சம்மதம் இல்லையே.

அவன் மட்டுமல்ல. பொய் எழுதிய வீடுகளின் வளைவுகளில் எல்லாம் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு ஒரு தையல்காரி. ஒரு கிழத் தம்பதி. கை கோத்த மூன்று சகோதரிகள். முகமற்ற அத்தனை வழவழப்புகளும் அவள் ஜன்னலையே பார்த்தன. இருபத்து மூன்றின் வளைவு மட்டும் காலியாக இருந்தது. அவள் நன்றி சொன்னாள், யாருக்கென்று தெரியாமல்.

பத்து மணிக்கு அவளே கணவனைக் கூப்பிட்டாள், முகம் பார்த்துப் பேசும் அழைப்பில். வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம். வீட்டில் இருந்தான். சவரம் செய்யாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஆபீஸ் போகலியா?"

"போக மனசு வரல. பரம்பரையா இருக்கற எடம். விட்டுட்டு எங்க போறது?"

"என்ன பேசறீங்க? அது வாடகை வீடு. நாம குடி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "அப்படியா?" என்றான். குரலில் அவள்மேல் ஒரு எரிச்சல் இருந்தது, அந்நியரிடம் காட்டுகிற எரிச்சல்.

"பாப்பாவக் காட்டுங்க."

படம் ஆடிக்கொண்டே போய் நின்றது. பிள்ளை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நம்ம வீட்டுல ஏன் சுண்ணாம்பு வாசன வருது?" என்றாள்.

"தெரியலடா கண்ணு. மூஞ்சிய மேல தூக்கு. அம்மா பாக்கறேன்."

தூக்கினாள். தாடை சுத்தமாக இருந்தது. தழும்பு இல்லை. நான்கு தையலும் இல்லை.

"பாத்தியா?" என்றான் கணவன், சந்தோஷமாக. "ஒரு சொவடு இல்லாம மறைஞ்சுபோச்சு. என் கழுத்து மச்சமும்தான்."

அவள் சாவிக்கொத்தோடு படி இறங்கினாள். எப்படி இறங்கினாள், சதுக்கத்தை எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. இருபத்து மூன்றின் பூட்டு எளிதாகத் திறந்தது. உள்ளே நடை, நடைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வராத ஒரு அறை. அந்த வீட்டைத் தரை பிளந்து கிடந்த நிலையில் அளந்திருக்கிறாள். இப்போது தரை முழுசாக இருந்தது, பெருக்கி வைத்திருந்தது. அறையின் மூலையில் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தான். முகம் இல்லை. கழுத்தின் வலப்பக்கம் ஒரு மச்சம் இருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி. சுவரைப் பார்த்து.

"பாப்பா," என்றாள்.

சிறுமி திரும்பினாள். மேலே ஒன்றுமில்லை. நெற்றி இல்லை, கண் இல்லை, மூக்கு இல்லை. கீழே ஒரு தாடை வந்திருந்தது. தழும்போடு. அதற்கு மேல் கீழுதடு, இப்போதுதான் வந்ததுபோல் ஈரமாக. அந்த உதடு அசைந்தது. அவளுக்குத் தெரிந்த அசைவு. பசித்தால், பயந்தால், தூக்கம் வந்தால் அம்மா என்று சொல்லத் தொடங்கும் அசைவு.

அவள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளவில்லை. வெளியே ஓடிவந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டிய பிறகுதான் எதைப் பூட்டினோம் என்று உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பூட்டைத் திறக்கவில்லை.

அங்கே கரையக் கரைய இங்கே சேர்கிறது. முழுசாகச் சேர்வதற்குள் தடுக்க வேண்டும். கோடு போடக் கூடாது. கோடு என்ன செய்யும் என்று பார்த்தாகிவிட்டது. அசல் தாள் கையில் கிடைத்தால் கடைசிக் கட்டத்தில் இல்லை என்பதை ஆம் என்று திருத்திவிடலாம். சம்மதம் கிடைத்துவிட்டால் இரண்டு பேரும் இந்த வீட்டைவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நகரத்துக்குப் பேருந்து நான்கு மணிக்கு. அதுவரை அறைக்குப் போகாமல், யார் பார்வையும் நேராக விழாத மண்டபத் தூணுக்குப் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சுண்ணாம்பு வாசனை அடர்ந்து ஏறியது.

மூன்றரைக்குத் தலைமை அலுவலகத்துக்கு அடித்தாள். திட்டத் தலைவர் எடுத்தார். மேசையில் ஒரு பென்சில்கூடக் கோணலாகக் கிடக்கப் பொறுக்காத மனிதர்.

"சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழம அனுப்பினதுல பதினோரு படிவம் பொய். அந்த வீடுங்கள்ல யாரும் இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"இப்ப சொல்றியா?" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளிடம் ஒருமையில் பேசியதில்லை. "நாளைக்குக் காலைல மேலேர்ந்து வர்றாங்க. தாள் தாளாப் புரட்டுவாங்க. அதுல என் கையெழுத்தும் இருக்கு, தெரியுமா? என்னையும் சேத்துக் குழியில தள்ளப் பாத்தியா?"

"சார், நான் கெளம்பி வர்றேன். தாளை அப்படியே எடுத்து வைங்க. நான் வர்ற வரைக்கும் அதுல எதையும்..."

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கோடு போடாதீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் தூறல் கல் தரையில் விழுந்தது.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படங்கள் வரத் தொடங்கின.

ஒவ்வொன்றாக. தையல்காரியின் தாள். கிழத் தம்பதியின் தாள். ஒவ்வொன்றின் மேலும் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்து, துல்லியமாக. பக்கத்தில் அவருடைய அழகான கையெழுத்து. மூன்று. நான்கு. சதுக்கத்தின் அந்தப் புறத்தில் ஏதோ ஈரமாகத் தரையில் விழுந்தது. ஏழு. எட்டு. வளைவுகளுக்குள் நின்றவர்கள் சரியத் தொடங்கியிருந்தார்கள். சரிந்தும் விழவில்லை. பத்து.

பதினொன்று.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு தாளில் இரண்டு பேர், ஆளுக்கு அரைப் பக்கம். கோடு கணவனின் பெயரில் நுழைந்து, வயதைக் கடந்து, மச்சத்தைக் கடந்து, நடுக்கோட்டைத் தாண்டி, மகளுடைய கட்டங்களுக்குள் இறங்கியிருந்தது. தாடையில் தழும்பு என்ற எழுத்துகளுக்கு மேலே போயிருந்தது. அதற்கும் கீழே அவர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பிரச்சனை முடிந்தது.

வீட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பேருந்து வந்து நின்று ஒலி எழுப்பியது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்து மூன்றின் கதவு, அவளே பூட்டிய கதவு, உள்ளிருந்து திறந்துகொண்டிருந்தது.

பாப்பா வெளியே வந்தாள்.

வளைவின் விளிம்பில், கால் விரல்கள் கல்லின் ஓரத்தைத் தொட, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் முழுசாக வந்திருந்தது. நெற்றி, புருவம், அப்பாவின் மூக்கு, போன மாதம் விழுந்த பல்லின் ஓட்டை, எல்லாம். ஒரு குறை இல்லாத முகம். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த ஒரு நொடி அவள் முட்டாள்தனமாக, முழுமனதோடு சந்தோஷப்பட்டாள். ஓடினாள். பை விழுந்தது. செருப்பு ஒன்று கழன்றது.

கிட்டத்தில் போனதும் கோடு தெரிந்தது.

இடது நெற்றியில் தொடங்கியது. மூக்கின் குறுக்கே. வலது கன்னத்தில் இறங்கி. முடி அளவு மெல்லியது. அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை சிரித்தாள். கீழ்பாதி சிரித்தது. மேல்பாதி இன்னும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மேல்பாதி நழுவத் தொடங்கியது. மெல்ல.

அவள் முட்டி போட்டு விழுந்து இரண்டு கைகளாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. ஒன்றோடு ஒன்று சேர்த்து. விரல்களுக்கு இடையே சூடு. சிறு சிறு துடிப்பு. பிள்ளையின் மூச்சு அவள் உள்ளங்கையில் பட்டது, இரண்டு இடங்களில். பேருந்து இன்னொரு தடவை ஒலி எழுப்பிவிட்டுப் போய்விட்டது. எதிர்ப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன, தாழ் விழும் சத்தத்தோடு. கடைசியாகக் கடைக்காரருடையது. உள்ளே இருட்டறையில் ஏதோ ஒன்று தரையில் தேய்ந்துகொண்டு முன்னால் வர முயன்றது. ஒன்றல்ல. இரண்டு துண்டு.

"அம்மா," என்றாள் பாப்பா. "அப்பாவால நடக்க முடியல."

"அம்மா இருக்கேன்டா. அசையாத. அசையாத கண்ணு."

"கைய எடுத்துடாதம்மா."

மழை வலுத்தது. தோள் வலித்தது. நனைந்த விரல்கள் வழுக்க ஆரம்பித்தன.